கவ்வாத்துக் கத்தி

‘எல்லா இயந்திரங்களுக்கும்’ – வரலாற்றுத் தொடர்: பகுதி 12

சென்ற வாரம் 2002 ஜூலை 19-இல் நிறுத்தியிருந்தோம். அன்று டெபியன் 3.0 வெளிவந்தது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டொக் என்ற பல்கலைக்கழக மாணவர் தொடக்கிவைத்த இயக்குதளம், ஒன்பதே ஆண்டுகளில் 11 வகைப் புரொசசர்களில் ஓடியது. இன்டெல் மேசைக் கணினி, சன் நிறுவனத்தின் ஸ்பார்க், டிஜிட்டல் நிறுவனத்தின் ஆல்ஃபா, ஐபிஎம்மின் மெயின்ஃபிரேம், பழைய அமிகா, அட்டாரி கணினிகளுக்குள் இருந்த மொட்டோரோலா சில்லுகள் என்று அந்த வரிசை நீண்டது.

எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே தரத்தில், இலவசமாக. உழைத்தவர்கள் தொண்டர்கள்.

அந்த வாக்குறுதிக்கு விலை கேட்கப்பட்ட நாட்களின் கதை இது.

●

எங்கள் தேயிலை ஊரான ஹேவாஹெட்டவில் வளர்ந்தவர்களுக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தேயிலைச் செடியை அப்படியே விட்டால் அது மரமாகிவிடும். கொழுந்து குறையும், கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவார்கள். வெட்டிய மலையைப் பார்த்தால் நெருப்பு ஓடிய காடு போலிருக்கும். சில மாதங்களில் குருத்து விடும்.

ஆனால் எல்லாச் செடியும் விடாது. வேரில் மாச்சத்துச் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். வேரை நறுக்கி அயோடின் தடவினால் நிறம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். சத்துக் குறைந்த செடியை முழுக்க மொட்டையடிக்காமல், மூச்சுக்கு என்று ஓரிரு கிளையை விட்டுவைப்பார்கள். அந்தக் கிளையின் இலைகள்தான் புதுக் குருத்து வரும்வரை வேருக்குச் சாப்பாடு போடும்.

வன்கூவர் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கத்தி நினைவுக்கு வருகிறது. கனடாவின் அந்த நகரத்தில் 2005 மார்ச் மாதம் சிலர் கூடி, 11 கிளைகளில் எதை வெட்டுவது என்று பேசினார்கள்.

●

முதலில் அவர்கள் பக்கத்து நியாயம்.

டெபியனின் அடுத்த பதிப்புக்குச் ‘சார்ஜ்’ என்று பெயர். டெபியனில் ஒவ்வொரு பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பொம்மை ஒன்றின் பெயரை வைப்பார்கள். சார்ஜ், அந்தப் படத்தின் பச்சை நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குத் தலைவன். புதிய மென்பொருள்கள் முதலில் வந்து விழும் இடத்துக்கு ‘சிட்’ என்று பெயர். பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். அங்கே எது வேண்டுமானாலும் உடையலாம்.

சிட்டில் விழுந்த மென்பொருள் பொதி ஒன்று, வெளியீட்டுக்குத் தயாராகும் வரிசைக்கு நகரவேண்டும். அதற்குச் சில நாட்கள் பெரிய வழு எதுவும் இல்லாமல் தாக்குப்பிடிக்கவேண்டும். அத்தோடு, கட்டமைப்புகள் என்று டெபியன் அழைக்கும் 11 புரொசசர் வகைகளிலும் தொகுக்கப்பட்டிருக்கவேண்டும். பத்தில் முடிந்து ஒன்றில் முடியாவிட்டாலும் பொதி நகராது. அதை நம்பியிருக்கும் மற்றப் பொதிகளும் நகரா.

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக எங்கள் ஊருக்கு ஏறும் பாதையில், கொழுந்து மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனால் பின்னால் வரும் பஸ், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாமே டிராக்டரின் வேகத்தில்தான் போகும். முந்திச்செல்ல இடமில்லாத வளைவுகள். சார்ஜின் நிலைமை அதுதான்.

அந்த வரிசையின் டிராக்டர் மொட்டோரோலா 68கே. இதற்கு டெபியன் வைத்த பெயர் எம்68கே. அதன் கடைசித் தலைமுறைச் சில்லே 50 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஓடியது. அதே காலத்தில் இன்டெல் சில்லுகள் 3 கிகாஹேர்ட்ஸைத் தொட்டிருந்தன. பெரிய பொதி ஒன்றைத் தொகுக்க அமிகா ஒன்றுக்கு நாள் கணக்கில் ஆகும். ஒரு கணினி போதாமல், தொண்டர்கள் தங்கள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பல கணினிகளை இரவு பகலாக ஓடவிட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்னொரு பக்கம் பொதிகள் பெருகின. 2002-இல் சுமார் 8,500 இருந்தவை, சார்ஜில் 15,400 அளவுக்கு வந்தன. ஒவ்வொன்றும் 11 தடவை தொகுக்கப்படவேண்டும். பாதுகாப்புத் திருத்தம் ஒன்று வந்தால் அதுவும் 11 தடவை. புதிதாக எழுதப்பட்ட நிறுவல் கருவியும் பதினொன்றிலும் ஓடவேண்டும்.

டெபியன் 3.0 வந்து இரண்டரை ஆண்டுகள் கடந்துவிட்டன. சார்ஜ் வரவில்லை.

இதைவிட வலித்த ஒன்றும் இருந்தது. 2003 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் ஒப்டெரோன் என்ற 64-பிட் புரொசசரை வெளியிட்டது. இன்டெலும் அதே வழிக்கு வந்தது. அடுத்த பத்தாண்டு இதற்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் சார்ஜின் அதிகாரபூர்வப் பட்டியலில் ஏஎம்டி64 சேரமுடியவில்லை. உலகெங்கும் டெபியனின் பிரதியை இலவசமாக வைத்திருந்த சேர்வர்களில், இன்னொரு கட்டமைப்பைச் சுமக்க இடம் இல்லை.

பழையவை இருந்த இடத்தால் புதியது வாசலில் நின்றது.

●

வெளியீட்டுக்குப் பொறுப்பானவர்களும் பொதிக் காப்பகத்துக்குப் பொறுப்பானவர்களும் வன்கூவரில் சந்தித்தார்கள். வழக்கமாகத் திரைக்குத் திரை எழுதிப் பேசிக்கொள்பவர்கள், இந்தமுறை ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். கூட்டம் முடிந்ததும், வெளியீட்டு மேலாளர்களில் ஒருவரான ஸ்டீவ் லங்காசெக் மார்ச் நடுவில் ஓர் அறிவிப்பை எழுதினார்.

நீண்ட அறிவிப்பு. சார்ஜை முடிக்கும் திட்டம் முதலில் வந்தது. வாசித்தவர்கள் நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால், சார்ஜுக்கு அடுத்து வரவிருந்த ‘எட்ச்’ பற்றிய பகுதி.

அதில் நான்கு பெயர்கள்தான் இருந்தன. ஐ386. ஏஎம்டி64. பவர்பிசி. இட்டானியம்.

எட்ச் வெளிவரும்போது இந்த நான்குக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்றது அறிவிப்பு. மற்றவை தனிக் காப்பகம் ஒன்றுக்குப் போகலாம், அங்கே தங்கள் வேகத்தில் வளரலாம், ஆனால் நிலைத்த வெளியீட்டின் பாகமாக இருக்கமாட்டா. அந்தத் தனிக் காப்பகத்துக்குச் சூட்டப்பட்ட சுருக்கப் பெயரை விரித்தால் ‘இரண்டாந்தரக் குடிமக்கள்’ என்ற பொருள் வரும். பெயர் வைத்தவர்கள் பகிடியாக வைத்திருக்கலாம். ஆண்டுக்கணக்காக இரவில் விழித்திருந்து ஓர் இயந்திரத்தைப் பராமரித்தவருக்கு அது பகிடியாகப் படவில்லை.

வெளியீட்டில் இடம்பெற நிபந்தனைகளும் போடப்பட்டன. காப்பகத்தின் 98 சதவீதப் பொதிகள் அந்தக் கட்டமைப்பில் தொகுக்கப்பட்டிருக்கவேண்டும். வந்து சேரும் பொதிகளுக்கு ஈடுகொடுக்க இரண்டு கணினிகளுக்கு மேல் தேவைப்படக் கூடாது. உதிரியாக இன்னொன்று இருக்கவேண்டும். பாதுகாப்புக் குழு சம்மதிக்கவேண்டும். நிறுவல் கருவி ஓடவேண்டும். தனிக் காப்பகத்துக்குள் நுழைவதற்கே ஐந்து உறுப்பினர்கள் கையொப்பமிட்டுக் கேட்கவேண்டும், குறைந்தது 50 பேர் பாவிக்கிறார்கள் என்று காட்டவேண்டும்.

இவற்றையெல்லாம் வாதாடி ஏற்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் என்னை இன்றைக்கும் நிறுத்துகிறது.

அந்த இயந்திரம் கடையில் புதிதாக வாங்கக் கிடைக்கவேண்டும்.

●

2004-இல் கண்டியிலிருந்து நான் ஹேவாஹெட்டவுக்குக் கொண்டுவந்த கணினி பென்டியம் 2. பாவித்த கணினி. வேறொரு நாட்டு அலுவலகம் ஒன்று கழித்துவிட்டது. கொள்கலனில் வந்து, கடைக்காரரின் கையில் துடைக்கப்பட்டு, பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் என் மடியில் வீடு வந்தது. 64 மெகாபைட் நினைவகம். பேராதனையில் படித்த நண்பன் ஒருவன் டெபியன் சீடிகளைப் பிரதியெடுத்துத் தந்தான். அது ஓடியது. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வந்து முதன்முதலாகத் தட்டச்சுப் பழகியது அதில்தான்.

அந்தப் பென்டியம் 2, 2005-இல் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது. ஆனாலும் வன்கூவர் பட்டியலால் எனக்கு ஒரு கீறலும் விழவில்லை. காரணம் எளிது: நிபந்தனை கட்டமைப்புக்கு, தனி இயந்திரத்துக்கு இல்லை. என் கணினி ஐ386 என்ற இன்டெல் குடும்பம், அந்தக் குடும்பத்தின் புதிய பிள்ளைகள் கடை கடையாகக் கிடைத்தன. பட்டியலின் முதல் பெயரே என்னுடையது.

அதனால் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. நமக்கு என்ன என்று விட்டுவிட்டேன். மேலும், அந்த மார்ச்சில் இலங்கையில் எல்லோர் மனதும் வேறெங்கோ இருந்தது. சுனாமி வந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய, நம் நாட்டுத் தொண்டர்கள் திறந்த மூலக் கருவிகளை வைத்து ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சில்லில் டெபியன் ஓடும் என்பது அன்று எங்களுக்குத் தூரத்துச் செய்தி.

அடுத்தவன் கிளையில் கத்தி விழும்போது காது கேட்பதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள்.

●

அறிவிப்பு வெளியான சில நாட்களுக்குள் பதில்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அதுவும் தேர்தல் காலம். டெபியனின் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்கள் வாக்களிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தலைமைக்கு நின்ற ஒவ்வொருவரிடமும் இதே கேள்விதான்.

முதல் கோபம் முறைமை பற்றியது. எங்களைக் கேட்காமல் எங்கள் இயந்திரத்தைப் பற்றி எப்படி முடிவெடுத்தீர்கள்? இது முடிவு இல்லை, யோசனைதான் என்று லங்காசெக் பதில் எழுதினார். ஆனால் அறிவிப்பின் தொனி முடிவெடுத்தவர்களின் தொனி என்று பலர் நினைத்தார்கள். இதில் எனக்கும் அவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது.

கோபம் தணிந்த பிறகு வந்த வாதங்கள்தான் கனமானவை.

பல கட்டமைப்புகளில் தொகுப்பது வெறும் தொண்டு இல்லை, அது ஒரு பரிசோதனை என்றார்கள் சிலர். ஒரே எண்ணை இன்டெல் சில்லு கடைசி பைட்டிலிருந்து நினைவகத்தில் எழுதும். மொட்டோரோலா முதல் பைட்டிலிருந்து எழுதும். கவனமில்லாமல் எழுதிய நிரல் இன்டெலில் ஓடி, மொட்டோரோலாவில் உளறும். தரவு சரியான எல்லையில் தொடங்காவிட்டால் இன்டெல் பொறுத்துக்கொள்ளும். ஸ்பார்க் அந்த இடத்திலேயே நிரலை நிறுத்திவிடும். வழு எப்போதும் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது வேறு இயந்திரம்.

இதற்கு அவர்களிடம் ஒரு வலுவான சாட்சி இருந்தது. ஆல்ஃபா. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே அது 64-பிட். அதைப் பராமரித்தவர்கள் ஆண்டுக்கணக்காகப் பொதி பொதியாக 64-பிட் வழுக்களைத் தேடித் திருத்தியிருந்தார்கள். அந்த உழைப்பின் மேல்தான் ஏஎம்டி64 வழுக்காமல் நடந்து வந்தது. இப்போது ஏஎம்டி64 நால்வரில் ஒருவர். ஆல்ஃபா வாசலுக்கு வெளியே.

அடுத்தது எண்ணிக்கை பற்றிய வாதம். பிரதி சேர்வர்களில் எல்லா இடத்திலும் வைக்கப்பட, ஒரு கட்டமைப்புக்குப் பதிவிறக்கத்தில் கணிசமான பங்கு இருக்கவேண்டும் என்றது அறிவிப்பு. ஐபிஎம்மின் மெயின்ஃபிரேமை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்? உலகத்தில் அவை சில ஆயிரம் இருக்கலாம். ஆனால் வங்கி ஒன்றின் பின்னறையில் நிற்கும் ஒரே இயந்திரம் எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறது? தலையை எண்ணினால் அது தெரியாது.

மறுபக்கத்தில் இருந்தவர்களும் மௌனமாக இல்லை. மூன்று ஆண்டுகளாக வெளியீடே இல்லாத இயக்குதளம் யாருக்கு உதவி என்று கேட்டார்கள். வெளியீட்டைத் தள்ளும் வேலையைக் கையளவு ஆட்கள் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் களைத்துவிட்டார்கள். இந்தக் களைப்பைச் சிலர் அன்று மதிக்கவில்லை. அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். 11 இயந்திரங்களைக் காக்கச் சொல்வது எளிது. பாதுகாப்புத் திருத்தத்தோடு பதினோராவது இயந்திரத்துக்காக நடுநிசியில் காத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

●

2005 ஜூன் 6. சார்ஜ் வெளிவந்தது. பதினொன்றும் உள்ளே இருந்தன. 14 சீடிகள். ஏஎம்டி64 அதிகாரபூர்வப் பட்டியலுக்கு வெளியே, பக்கத்துக் காப்பகம் ஒன்றில்.

அடுத்த மாதம் பின்லாந்தில் டெபியனின் ஆண்டு மாநாடு. இந்தமுறை எதிரெதிரே எழுதிக்கொண்டவர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். எம்68கேயைப் பராமரித்தவர்களும் இருந்தார்கள். வன்கூவர் யோசனை அங்கே வரி வரியாகப் பிரிக்கப்பட்டது. நான்கு பெயர்கள் கொண்ட பட்டியல் கைவிடப்பட்டது. நிபந்தனைகள் தங்கின, ஆனால் வேறு உருவத்தில்: யார் உள்ளே என்று முன்கூட்டியே சொல்லாமல், ஒவ்வொரு பதிப்புக்கும் ஒவ்வொரு கட்டமைப்பும் தன்னை நிரூபிக்கவேண்டும். பராமரிக்க ஆள் இருக்கிறதா? தொகுக்கும் கணினிகள் ஈடுகொடுக்கின்றனவா? தொகுப்பான் ஆரோக்கியமாக இருக்கிறதா?

வேரை நறுக்கி அயோடின் தடவிப் பார்ப்பது போன்ற ஏற்பாடு. அந்தப் பழக்கம் டெபியனில் இன்றுவரை நடக்கிறது.

சோதனையில் முதலில் விழுந்தது எம்68கே. மெதுவாக ஓடியது மட்டும் காரணமில்லை. தொகுப்பானே அந்தச் சில்லுக்கு நிரல் எழுதும்போது தடுக்கிக்கொண்டிருந்தது, அதைத் திருத்தக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்கே இருந்தார்கள். 2007 ஏப்ரல் 8-இல் எட்ச் வெளிவந்தபோது எம்68கே அதில் இல்லை. ஏஎம்டி64 உள்ளே வந்திருந்தது. மொத்தம் மறுபடியும் 11.

வெளியேறிய எம்68கே யாரென்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும். 1998 ஜூலையில் டெபியன் 2.0 முதன்முறையாக ஒன்றுக்கு மேற்பட்ட கட்டமைப்பில் வெளிவந்தது. இன்டெலுக்கு அடுத்ததாக அன்று சேர்ந்த ஒரே பெயர் எம்68கே. ‘எல்லா இயந்திரங்களுக்கும்’ என்ற சொல்லை மெய்யாக்கிய முதல் இயந்திரமே முதலில் வெளியேறியது.

அது சாகவில்லை. மூச்சுக்கிளையாகத் தனிக் காப்பகம் ஒன்றில் விடப்பட்டது. நடுவில் ஏறத்தாழ உறைந்துகிடந்தது. பின்னர் சில தொண்டர்கள், அட்டாரியைப் போலப் பாவனை செய்யும் மென்பொருளைப் புதுக் கணினிகளில் ஓடவிட்டு, அதற்குள் பொதிகளைத் தொகுத்து அதை மீண்டும் எழுப்பினார்கள். டெபியனின் துணைக் காப்பகத்தில் எம்68கே இன்றும் இருக்கிறது.

●

வன்கூவரின் நான்கு பெயர்களுக்கு என்ன ஆனது?

எங்கள் ஊருக்குக் கிட்ட லூல்கந்துர தோட்டம் இருக்கிறது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, சுற்றியிருந்த மலையெல்லாம் கோப்பி. அந்த ஆண்டு எந்தத் துரையிடம் கேட்டிருந்தாலும் நிலைக்கப்போகும் பயிர் கோப்பி என்றே சொல்லியிருப்பார். இரண்டே ஆண்டில், 1869-இல், கோப்பி இலையில் துருநோய் தெரிந்தது.

வன்கூவர் அறையில் இருந்தவர்களும் அந்தத் துரைமாரைப் போல விவரம் தெரிந்தவர்கள்தான். இருந்தும், இன்டெலின் எதிர்காலம் என்று விற்கப்பட்ட இட்டானியம் 2015-இலேயே டெபியன் வெளியீட்டிலிருந்து போய்விட்டது. பவர்பிசி 2017-இல் போனது. நால்வருக்கு வெளியே விடப்பட்டிருந்த ஆர்ம், இதை நீங்கள் வாசிக்கும் கைபேசிக்குள் பெரும்பாலும் இருக்கிறது. சில ஆயிரம் என்று எண்ணப்பட்ட மெயின்ஃபிரேம், பின்னால் ஐபிஎம் நிற்பதால் 64-பிட் வடிவத்தில் இன்னும் பட்டியலில் இருக்கிறது.

இரண்டு பெயர்கள் மிச்சம். ஏஎம்டி64-ஐ யாரும் தொடவில்லை.

மற்றது ஐ386. என் மடியில் பஸ் ஏறி ஹேவாஹெட்டவுக்கு வந்த குடும்பம். இன்டெல் 1985 அக்டோபரில் வெளியிட்ட 80386 சில்லுதான் அந்தப் பெயரின் மூலம். 1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ், டெபியனுக்கு அடிப்படையான லினக்ஸ் கெர்னலின் முதல் வரிகளை எழுதியது அந்தச் சில்லுள்ள கணினியில். அவருடைய கெர்னல் அன்று அந்தக் குடும்பத்துக்கு வெளியே எந்தச் சில்லிலும் ஓடாது. டெபியனும் அதில்தான் பிறந்தது. 2005-இல் எவரும் அதன்மேல் கை வைக்க நினைக்கவில்லை.

2012 டிசம்பரில், கெர்னலின் மூத்த பொறியாளர்களில் ஒருவரான இங்கோ மோல்நார் லினஸுக்கு ஒரு திருத்தத்தை அனுப்பினார். 80386-க்காக எழுதப்பட்டு, இருபது ஆண்டுகளாகக் கெர்னலுக்குள் இருந்துவந்த வரிகளை அழித்துவிடலாம் என்றது அது. லினஸ் சம்மதித்தால், லினக்ஸ் பிறந்த சில்லிலேயே இனி லினக்ஸ் ஓடாது.

தன் முதல் கணினியை வெளியே அனுப்பும் அந்தத் திருத்தத்தைத் திறந்து பார்த்த லினஸ், என்ன பதில் எழுதினார்?

(தொடரும்)